சோலைமந்தியும் இலைத்துருவும்: உயிரினங்களின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

ஓர் உயிரினம் பூமியிலிருந்து அடியோடு மறைந்துபோவதை எப்போது இழப்பு என்கிறோம், எப்போது விடுதலை என்கிறோம்? சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து 4,000க்கும் குறைவாகவே அது எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதே மலைத்தொடரின் காபித் தோட்டங்களில், இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படிகிறது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. இலைத்துரு நோய்க்குக் காரணம் அதுதான். சோலைமந்தி நாளை இல்லாமல் போனால் நாடே வருந்தும். இலைத்துரு நாளை இல்லாமல் போனால் குடகிலிருந்து ஏற்காடு வரை காபி பயிரிடுவோர் நிம்மதி அடைவார்கள். இரண்டு தீர்ப்புகளும் நமக்கு இயல்பாகவே தோன்றுகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல் ஒன்றா பலவா, அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

பாதுகாப்பு பற்றிய விவாதங்களில் குரங்கைப் புலியோடோ யானையோடோ ஒப்பிடுவதுதான் வழக்கம். அப்படி ஒப்பிடும்போது எல்லா அளவுகோல்களும் ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்வதால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தெரிவதில்லை. தாவரத்தைத் தாக்கும் பூஞ்சையை எதிரே வைத்தால் ஒவ்வோர் அளவுகோலும் தனியே சோதனைக்கு உள்ளாகிறது. ஒப்பீடு விபரீதமானது என்றும் சொல்ல முடியாது. பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். இன்னும் பெயரிடப்படாதவற்றைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. துருப் பூஞ்சைகள் மட்டுமே சில ஆயிரம் இனங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச் நிலவரப்படி மதிப்பிடப்பட்ட பூஞ்சை இனங்கள் 1,300. அவற்றில் 411 அழியும் அபாயத்தில் இருப்பவை. வேல்ஸ் நாட்டில் 2015இல் துருப் பூஞ்சைகளுக்கென்றே தனிச் சிவப்புப் பட்டியல் வெளியானது. பயிர் நோய் என்று ஒதுக்கிய ஒரு குழுவை அருகிவரும் உயிரினங்களாகப் பார்க்கும் நிலைக்கு அறிவியல் வந்துவிட்டது. அந்தப் பார்வைக்கான நியாயம் மட்டும் இன்னும் தெளிவாக எழுதப்படவில்லை.

படிநிலை என்ற பழைய விடை

உயிர்களை உயர்வு தாழ்வாக அடுக்குவது மிகப் பழைய விடை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுடையவை, விலங்குகள் ஐயறிவுடையவை, மக்கள் ஆறறிவுடையவர். விலங்குகளில் சிலவும் ஆறறிவின் பக்கம் சேரும் என்ற எண்ணம் அந்த மரபுக்குள்ளேயே உண்டு. உரைகாரர்கள் அவ்விடத்தில் குரங்கை நினைத்தார்கள். சமணரின் பொறிவழிப் பகுப்பு இதற்கு நெருக்கமானது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்த ஏணி இடைக்கால ஐரோப்பாவில் கல்லிலிருந்து கடவுள் வரை நீண்டது. இவை எதிலும் பூஞ்சைக்குத் தனி இடம் இல்லை. செடியோடு செடியாக அடிப்படியில் அது வைக்கப்பட்டது.

இந்த விடையின் பலவீனம் பின்னர் இரு பக்கங்களிலிருந்தும் வெளிப்பட்டது. டார்வினுக்குப் பிறகு உயிர்வரலாறு ஏணியாக இல்லாமல் கிளைபிரியும் மரமாகிவிட்டதால், இன்று உயிரோடிருக்கும் எதையும் மேல்படி, கீழ்படி என்று வைக்க இடமில்லை. அந்த மரத்தில் பூஞ்சையின் இடமும் மாறியது. 1969இல் விட்டேக்கர் பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனிப் பேருலகமாக வைத்தார். 1993இல் பால்டாஃப், பாமர் இருவரும் புரத வரிசைகளை ஒப்பிட்டு, பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டினர். பின்வந்த மரபணு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. ஆகவே இலைத்துருப் பூஞ்சை தான் உண்ணும் காபிச் செடியைவிடச் சோலைமந்திக்கு உறவுமுறையில் அருகில் இருக்கிறது. இதனால் பூஞ்சையின் மதிப்பு கூடிவிட்டது என்று நான் வாதிடவில்லை. நாம் இயல்பென்று நினைக்கும் தூரங்கள் உயிரியலில் இல்லை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. பழைய படிநிலையில் எஞ்சும் உண்மை ஒன்று உண்டு. தொல்காப்பியம் எண்ணியது உணரும் திறனை. அந்த இழையை வேறு உருவில் இன்றைய அறவியலும் பிடித்திருக்கிறது.

பயன் என்ற அளவுகோல்

மனிதருக்கு உதவுவதைக் காப்போம் என்பது ஆட்சியாளருக்கு எளிதில் புரியும் வாதம். அரசு அறிக்கைகளில் இன்றும் மேலோங்குவது இதுவே. வியப்பு என்னவென்றால், இந்த அளவுகோலில் தாவரத்தைத் தாக்கும் பூஞ்சைகள் குரங்கைவிட எளிதில் தேறிவிடுகின்றன. ரை தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சை இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. அதிலிருந்து 1935இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெட்ரின், பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கை நிறுத்தி எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்திருக்கிறது. நெல் நாற்றை அளவுமீறி நெட்டையாக வளரவைத்துச் சாகடிக்கும் பூஞ்சையை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் குரோசாவா, அது சுரக்கும் ஒரு பொருளே வளர்ச்சிக்குக் காரணம் என்று 1926இல் காட்டினார். ஜிப்ரலின் என்ற தாவர வளர்ச்சி ஊக்கி இப்படித்தான் அறிமுகமாயிற்று. திராட்சைத் தோட்டங்களில் இன்று தெளிக்கப்படும் ஜிப்ரலிக் அமிலம் அதே பூஞ்சையை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. சோலைமந்தியால் மனிதருக்குக் கிட்டும் நேரடிப் பயனை இப்படி ஒரு பட்டியலாகச் சொல்ல எவராலும் முடியாது.

ஆனால் இந்த வாதம் கேட்பதைவிட மிகக் குறைவாகவே தருகிறது. பயன் தெரிந்த பின்பே மதிப்பு பிறக்கும் என்றால், எர்காட்டை 1800இல் அழித்திருந்தாலும் தவறில்லை என்றாகும். வருங்காலத்தில் பயன்படலாம் என்று நீட்டினால் எந்த இனத்தையும் விட்டுவிட முடியாது. அப்போது அளவுகோல் எதையும் அளப்பதில்லை. இதைவிட ஆழமான குறை வேறொன்று. பயனுக்காகக் காப்பதென்றால் பூஞ்சையை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்தால் போதும், குரங்கை விலங்குக்காட்சிசாலையில் வைத்தால் போதும். காட்டில் அவை வாழ வேண்டும் என்று சொல்வதற்கு இந்த வாதத்தில் எந்தக் காரணமும் இல்லை. பாதுகாப்பை விரும்புவோர் உண்மையில் கேட்பதோ காட்டில் வாழும் உயிரை.

வலியை உணரும் உயிர்

1789இல் ஜெரமி பெந்தம் விலங்குகளைப் பற்றி எழுப்பிய கேள்வி, அவை பகுத்தறியுமா பேசுமா என்பதை ஒதுக்கிவிட்டு, துன்பப்படுமா என்பதை மையத்தில் வைத்தது. 1975இல் பீட்டர் சிங்கர் அதை ஒரு முழு அறவியலாக விரித்தார். 1983இல் டாம் ரீகன் உரிமையின் மொழியில் அதை வேறுவிதமாக வலுப்படுத்தினார். இந்தப் பார்வையில் ஒப்பீடு உடனே முடிந்துவிடுகிறது. சோலைமந்தி அச்சத்தை, வலியை, குட்டியை இழந்த தவிப்பை அனுபவிக்கும் உயிர். பூஞ்சைக்கு நரம்பு மண்டலமே இல்லை. பூஞ்சை இழைகளில் மின்துடிப்புகள் பதிவாகியிருப்பது உண்மை. அதை அனுபவம் என்று கொள்ளப் போதிய ஆதாரம் எதுவும் இல்லை.

குரங்கின் பக்கம் இருக்கும் இந்த நியாயம் வலுவானது. அதை எந்தச் சூழலியல் வாதமும் கரைத்துவிட முடியாது என்பதே என் முடிவு. ஒரு சோலைமந்தியைக் கண்ணியில் சிக்கவைப்பதும் ஓர் இலைத்துருப் புள்ளியைப் போர்டோ கலவையால் அழிப்பதும் ஒருபோதும் ஒரே தரத்துச் செயல்கள் ஆகா. ஆனால் இந்த நியாயம் தனி உயிரைப் பற்றியது. இனத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கோயில் படிகளிலும் பேருந்து நிலையங்களிலும் திரியும் நாட்டுக்குரங்குக்கு வலிப்பது சோலைமந்திக்கு வலிப்பதைவிடக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்கச் சோலைமந்தியின் காட்டுக்காக 1976இல் களக்காட்டில் சரணாலயம் அமைத்ததும், அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கம் அந்தக் குரங்கையே தன் முகமாகக் கொண்டதும், 1983இல் திட்டம் கைவிடப்பட்டு மறு ஆண்டே அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானதும் வலியின் கணக்கில் அடங்காதவை. அங்கே காக்கப்பட்டது ஒரு மரபுக்கோடு, ஒரு காடு. இனத்தின் அழிவைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடனே குரங்கு தன் சிறப்புத் தகுதியைப் பாதி இழந்து, பூஞ்சை நிற்கும் தளத்துக்கு வந்துவிடுகிறது. குரங்குக்கு ஆதரவாக எழுதுபவர்கள் பலர் இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை. தனி உயிரின் வலியைச் சொல்லித் தொடங்கி, இனத்தின் அருமையைச் சொல்லி முடிக்கிறார்கள்.

எல்லா உயிரும் சமம் என்ற நிலை

1973இல் ஆர்னே நேஸ் முன்வைத்த ஆழச் சூழலியல், வாழவும் மலரவும் எல்லா உயிர்வடிவங்களுக்கும் கொள்கையளவில் சம உரிமை உண்டு என்றது. 1986இல் பால் டெய்லர், ஒவ்வோர் உயிரும் தன் நன்மையை நோக்கி இயங்கும் மையம், அதனாலேயே மதிப்புக்குரியது என்று வாதிட்டார். 1995இல் டொனால்ட் விண்ட்ஸர் ஒட்டுண்ணிகளுக்கும் சம உரிமை கேட்டு எழுதினார். பூஞ்சைக்கு முதன்முதலாகக் கதவைத் திறந்துவிட்ட நிலை இது. ஆனால் நடைமுறையில் இதைப் பின்பற்ற இயலாது. உணவு உண்பதே பிற உயிரைக் கொல்வதுதான். கதவைத் திறந்தவர்களே தற்காப்பு, தேவை என்று விதிவிலக்குகளை அடுக்க வேண்டியிருந்தது. அந்த விதிவிலக்குகளைத் தீர்மானிக்கும்போது மீண்டும் பயனும் வலியும் பின்வாசல் வழியே வந்துவிடுகின்றன.

இதற்கு மாற்றாகப் பரிணாம மரபை அளக்கும் முறை ஒன்றும் உண்டு. 1992இல் டேனியல் ஃபெய்த் முன்வைத்த கணக்குப்படி, உறவினர் குறைந்த தனிக் கிளை மறைந்தால் இழப்பு அதிகம். உணர்ச்சி கலவாத முறை என்பது இதன் பலம். ஆனால் உயிர்மரத்தில் கிளையின் நீளம் ஏன் அறத்தின் அளவாக வேண்டும் என்ற கேள்விக்கு இதனிடம் விடை இல்லை. முன்னுரிமை வகுக்க உதவும் கருவி இது. மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குவதில்லை.

காட்டின் கணக்கு

1949இல் வெளிவந்த தம் நூலில் ஆல்டோ லியோபோல்டு மண், நீர், தாவரம், விலங்கு யாவும் சேர்ந்த சமூகத்தை அறத்தின் அலகாக வைத்தார். இந்தப் பார்வையில் ஓர் இனத்தின் மதிப்பு, அந்தச் சமூகத்தில் அது ஏற்றிருக்கும் இடத்தைப் பொறுத்தது. தாவரத்தைத் தாக்கும் பூஞ்சைக்கு அப்படி ஓர் இடம் உண்டா? கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் தரும் விடை, இந்த விவாதம் முழுவதையும் திருப்பக்கூடியது என்று கருதுகிறேன்.

1970இல் டேனியல் ஜான்ஸனும், அடுத்த ஆண்டில் ஜோசப் கானலும் தனித்தனியே ஒரு கருதுகோளை முன்வைத்தனர். வெப்பமண்டலக் காட்டில் ஒரே மரவினம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கான இனங்கள் அருகருகே வாழ்வது எப்படி? தாய்மரத்தின் அடியில் அந்த மரத்துக்கே உரிய பகைகள், அதாவது பூச்சிகளும் நோய்ப் பூஞ்சைகளும், குவிந்திருக்கின்றன. அங்கே விழும் விதைகளும் நாற்றுகளும் பெரும்பாலும் அவற்றால் மடிகின்றன. தாயைவிட்டுத் தூரம் போன விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மரத்தடியில் கிடைத்த வெற்றிடத்தில் வேறோர் இனம் வேரூன்றுகிறது. எந்த மரம் பெருகுகிறதோ அதன் பகையும் பெருகுவதால் அரிய மரங்களுக்கு இடம் கிடைக்கிறது. 2014இல் பாக்சியும் சகாக்களும் பெலீஸ் நாட்டு மழைக்காட்டில் செய்த களச்சோதனை இதற்கு நேரடிச் சான்று தந்தது. பூஞ்சைக்கொல்லி தெளித்த இடங்களில் முளைத்த நாற்றுகளின் இன வளம் 16 விழுக்காடு குறைந்தது. நோய்க்கிருமியை நீக்கினால் காடு செழிக்கும் என்று தோட்டக்கார மனம் எதிர்பார்க்கும். அங்கே காடு வறுமைப்பட்டது.

இத்தகைய ஆய்வு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வந்தது. 2018இல் மேக்னா கிருஷ்ணதாஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, துண்டுபட்ட மழைக்காட்டின் ஓரத்திலும் உள்பகுதியிலும் பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தெளித்து ஒப்பிட்டது. உள்பகுதியில் இந்தப் பகைகளை நீக்கியபோது நாற்றுகளின் இன வளம் குறைந்தது. ஓரத்தை நெருங்க நெருங்க அந்த விளைவு மங்கியது. அதாவது காடு துண்டாடப்படும்போது மரங்கள் மட்டும் குறைவதில்லை. மரவளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பூஞ்சைகளின் வேலையும் ஓரங்களில் நின்றுபோகிறது.

சோலைமந்தியை இங்கே மறுபடியும் கொண்டுவர வேண்டும். அது மரக்கவிகையிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழிக்கும் விலங்கு. வெடிப்பலா, அத்தி வகைகள், பல காட்டுப்பழங்கள், பூச்சிகள் என ஆண்டு முழுதும் மாறிமாறிக் கிடைக்கும் உணவை நம்பியிருக்கிறது. பெண்மந்தி பல ஆண்டுகளுக்குப் பின்பே முதல் குட்டி ஈனுகிறது. அடுத்தடுத்த ஈற்றுக்கிடையே சுமார் மூன்று ஆண்டு இடைவெளி உண்டு. ஒரு மரவினம் காய்க்காத மாதத்தில் வேறொன்று காய்க்கும் காடுதான் இத்தனை மெதுவாகப் பெருகும் விலங்கைத் தாங்க முடியும். அந்தப் பன்மையை நிலைநிறுத்துவதில் தாவரத்தைத் தாக்கும் பூஞ்சைகளுக்குப் பங்கு உண்டு என்றால், சோலைமந்தியின் உணவுக்குப் பின்னால் பெயர் தெரியாத நோய்ப் பூஞ்சைகள் நிற்கின்றன. பெலீஸ், மேற்குத் தொடர்ச்சி மலைச் சோதனைகள் நாற்றுகளை அளந்தவை. குரங்கின் உணவு வரை அந்தச் சங்கிலியை அவை நீட்டிக் காட்டவில்லை. ஆகவே இதை உறுதியான முடிவாகச் சொல்லாமல் வலுவான சாத்தியமாகவே சொல்கிறேன். ஆனாலும் குரங்கா பூஞ்சையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பழக்கத்தை அசைக்க இந்தச் சாத்தியமே போதும்.

இந்த நிலைக்கும் குறை உண்டு. ஒரே வேலையைப் பல இனங்கள் செய்யும்போது ஒன்று போனாலும் காடு தடுமாறாது என்று 1992இல் பிரையன் வாக்கர் சுட்டிக்காட்டினார். பூஞ்சைகள் கூட்டமாகச் செய்யும் வேலை, ஒவ்வொரு பூஞ்சை இனத்தையும் இன்றியமையாததாக்கிவிடாது. நியாயமான மறுப்பு இது. ஆனால் நோய்ப் பூஞ்சைகளின் வேலை அவற்றின் குறிதவறாமையில் இருக்கிறது. ஒரு மரத்தின் பூஞ்சை இன்னொரு மரத்தைத் தாக்காது என்பதே அந்த மரத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி. குறிப்பிட்ட ஓம்புயிரை மட்டும் தாக்கும் இனங்களில் ஒன்றுக்கு மற்றொன்று பதிலாவது கடினம். மேலும் இந்த மறுப்பு குரங்குக்கும் பொருந்தும். விதைபரப்பும் வேலையை இருவாச்சியும் பகிர்ந்துகொள்கிறது. அதற்காகச் சோலைமந்தி தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இலங்கையில் நடந்தது

இத்தனைக்குப் பிறகும் இலைத்துரு இலைத்துருதான் என்று ஒருவர் சொல்லலாம். காட்டுப் பூஞ்சைகளுக்கு வேலை இருக்கலாம், காபியை அழித்த பூஞ்சைக்கு என்ன நியாயம்? இதற்கு விடை சொல்ல 1869க்குப் போக வேண்டும். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத் தலைமை தாங்கிய த்வெய்ட்ஸ் அனுப்பிய இலைகளிலிருந்து இந்தப் பூஞ்சையை இங்கிலாந்தில் பெர்க்லியும் புரூமும் அந்த ஆண்டில் விவரித்துப் பெயரிட்டனர். 1870களின் இறுதியில் 2,70,000 ஏக்கர் அளவுக்குப் பரந்திருந்த இலங்கைக் காபி, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காபியில் அறுவடைக் காலத்துக்கு மட்டுமே பெரும் ஆள்பலம் தேவைப்பட்டதால் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே நடந்துபோன கூலிகள் பருவத்துக்குப் போய்த் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. மலையகத் தமிழரின் வரலாற்றை இன்று நாம் அறியும் வடிவத்துக்குத் திருப்பியதில் இந்தப் பூஞ்சைக்குப் பங்கு உண்டு.

ஆனால் அழிவுக்குக் காரணம் பூஞ்சை மட்டுமா? 1880 முதல் 1882 வரை இலங்கையில் இதை ஆராய்ந்த மார்ஷல் வார்டு, காற்றில் பரவும் வித்துகளுக்குத் தடையே இல்லாமல் மலைக்கு மலை ஒரே செடியை நட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். காபியின் பிறப்பிடமான எத்தியோப்பியக் காடுகளிலும் இதே பூஞ்சை இருக்கிறது. அங்கே காட்டுக்காபியின் மரபணு வேற்றுமை, மரநிழல், துருவையே தின்னும் வேறு பூஞ்சைகள் ஆகியவற்றுக்கு நடுவே அது பெரும்பாலும் கொள்ளைநோயாக வெடிப்பதில்லை. அதே உயிரினம் ஓரிடத்தில் காட்டின் உறுப்பினர், இன்னோரிடத்தில் கொள்ளைநோய். இடையில் மாறியது பூஞ்சையின் இயல்பு அல்ல, அதைச் சுற்றி நாம் அமைத்த நிலம். 1970இல் பிரேசிலை எட்டி, 2012-13இல் மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளின் வாழ்வாதாரத்தைக் குலைத்த பூஞ்சையும் இதே வகை நிலத்தில்தான் வளர்ந்தது.

ஆனைமலையின் வால்பாறை மேட்டுநிலத்தில் காபிக்கும் தேயிலைக்கும் காடு அழிக்கப்பட்டது சோலைமந்தியைத் துண்டுக் காடுகளில் சிக்கவைத்தது. பூஞ்சைதான் அந்தக் காட்டை அழித்தது என்று சொல்வதற்குச் சான்று கிடையாது. ஆனால் இரண்டு உயிரினங்களின் நிலைகளும் ஒரே செயலிலிருந்து பிறந்தவை. பல்வகை மரம் நின்ற மலையை ஒரே பயிரால் மூடியதால் ஒன்று பெருகிற்று, மற்றொன்று அருகிற்று. ஆகவே மதிப்பின் அலகு தனித்து நிற்கும் இனமாக இருக்க முடியாது, ஓர் இடத்தில் வேரூன்றிய இனமாகவே இருக்க முடியும் என்பது என் வாதம். வலியின் அளவுகோலில் குரங்குக்குக் கிடைக்கும் முதன்மை அப்படியே இருக்கட்டும். இன அழிவின் அளவுகோலில், தன் பிறப்பிடத்தில் வாழும் நோய்ப் பூஞ்சையைக் குரங்கைவிடத் தாழ்த்த வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை.

மறுப்புகள்

முதல் மறுப்பு பெரியம்மையிலிருந்து வருகிறது. 1980இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதையும், 2011இல் மாட்டுக் கொள்ளைநோய் ஒழிந்ததையும் கொண்டாடிய நாம், ஒரு பயிர்நோயை ஒழிக்க ஏன் தயங்க வேண்டும்? வேறுபாடு இருக்கிறது. பெரியம்மை வைரசுக்கு மனிதரைத் தவிர வேறு ஓம்புயிர் இல்லை. அது தீங்கின்றி ஒட்டி வாழ்ந்த காடு ஒன்று எங்கும் இல்லை. இலைத்துருவுக்கு அப்படி ஓரிடம் உண்டு. தோட்டத்தில் அதை எவ்வளவு கடுமையாகவும் கட்டுப்படுத்தலாம், கட்டுப்படுத்தவும் வேண்டும். தோட்டத்தில் ஒடுக்குவதும் பூமியிலிருந்து நீக்குவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதற்கான நியாயம் இரண்டாவதற்குப் போதாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடினமானது. வேறு கண்டத்திலிருந்து வந்த பூஞ்சை ஒன்று ஓர் இனத்தையே அழிக்கும்போது என்ன செய்வது? 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட கருகல் நோய்ப் பூஞ்சை கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அது அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. 2010இல் ஆஸ்திரேலியாவில் தென்பட்ட மிர்ட்டில் துரு, அங்குள்ள சில மரவினங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கிறது. இடத்தை அளவாகக் கொள்ளும் வாதம் இங்கே தெளிவாகவே தீர்ப்புச் சொல்கிறது. புகுந்த இடத்தில் பூஞ்சையை முடிந்தவரை ஒழிப்பதும், பிறந்த இடத்தில் அதை விட்டுவைப்பதும் முரண்பாடு அல்ல.

பணமும் ஆட்களும் குறைவாக இருக்கையில் குரங்கைக் காத்தால் அதன் குடையின் கீழ் பூஞ்சையும் பிழைக்குமே என்பது மூன்றாவது மறுப்பு. பெரும்பாலும் இது சரி. சோலைமந்திக்காகக் காப்பாற்றிய காட்டில் எத்தனையோ பூஞ்சைகள் பிழைத்திருக்கும். ஆனால் குடை எப்போதும் போதுவதில்லை. கலிபோர்னியாவின் காண்டார் கழுகைக் காக்க 1980களில் எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்தபோது பேன் நீக்கினார்கள். அந்தக் கழுகில் மட்டும் வாழ்ந்த பேன் இனம் ஒன்று அத்தோடு இல்லாமல் போனது. அசாமின் குள்ளப் பன்றியில் வாழும் பேன் அந்தப் பன்றியோடு சேர்த்துச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது இதற்கு எதிர்த்திசையில் ஒரு நல்ல முன்மாதிரி. அருகிவரும் மரம் ஒன்றை நாற்றங்காலில் வளர்த்துப் பூஞ்சைக்கொல்லி தெளித்து மீண்டும் காட்டில் நடும்போது, அதனோடு காலங்காலமாக வாழ்ந்த பூஞ்சை அந்தப் பயணத்தில் விடுபட்டுவிடலாம்.

இன்னும் தீராதவை

சட்டம் இந்த விவாதத்துக்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சோலைமந்திக்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது. அதன் அட்டவணைகள் விலங்குகளையும் தாவரங்களையும் மட்டுமே அறியும். சிலி நாடு 2010இல் தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளைச் சேர்த்தது. அந்த வழியில் போன நாடுகள் மிகக் குறைவு. சட்டத்தில் சேர்த்தாலும் எதைச் சேர்ப்பது என்பது எளிதல்ல. குரங்குக் கூட்டத்தை எண்ணலாம். பூஞ்சை கண்ணில் படாத ஆண்டுகளில் அது இல்லையா, வெளிப்படவில்லையா என்று சொல்வது கடினம். மண்ணிலும் காற்றிலும் உள்ள மரபணுத் துணுக்குகளைக் கொண்டு இனங்காணும் முறை இதற்கு உதவக்கூடும். ஆனால் அப்படி வெறும் மரபணு வரிசையாக மட்டும் தெரியும் பூஞ்சைகளை எந்தப் பட்டியலிலும் சேர்க்கும் வழி இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. நோய்ப் பூஞ்சைகளால் நிலைக்கும் மரவளம் சோலைமந்தியின் உணவுக்காலங்களை எந்த அளவு தீர்மானிக்கிறது என்பதும் களத்தில் சோதிக்கப்பட வேண்டியது.

இவற்றைவிட ஆழமான சிக்கல், எதை எண்ணுவது என்பதில் இருக்கிறது. காட்டு அராபிகா காபி இன்று சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனம். எத்தியோப்பியக் காடுகள் சுருங்கினால் அங்கே காபியோடு நெடுங்காலம் வாழ்ந்த துருவின் மரபுக்கோடுகள் அவற்றோடு மறையக்கூடும். அதே வேளையில் தோட்டங்களைத் தின்று பெருகிய துரு உலகெங்கும் இருக்கும். பூஞ்சை அருகிவருகிறதா, பெருகிவருகிறதா? சோலைமந்தியிடமும் இதே கேள்வி முளைத்திருக்கிறது. வால்பாறையின் புதுத்தோட்டம் போன்ற சிறு துண்டுக் காடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மந்திகள் தரையிறங்கி, எஸ்டேட் குடியிருப்புகளின் பலாவையும் சமையலறை உணவையும் தின்று பெருகியிருக்கின்றன. மரக்கவிகையில் வாழக் கற்ற ஒரு விலங்கின் மரபு அங்கே காக்கப்படுகிறதா, எண்ணிக்கை மட்டும் காக்கப்படுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்கு இடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. தோட்டத்தில் பெருகும் துருவை இனத்தின் பிழைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றால், குடியிருப்பில் பெருகும் மந்தியை மட்டும் அப்படி எடுப்பதற்கு என்ன காரணம் என்பதைச் சிவப்புப் பட்டியல் வகுப்போர் இனி சொல்ல வேண்டியிருக்கும்.